முன்னேற்றம் பிரபஞ்சத்தின் குணமா, நாம் எழுதிக்கொள்ளும் கணக்கா?

இயற்பியல் வாத்தியார், குடியாத்தம்

போன வாரம் பிளஸ் ஒன் வகுப்பில் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை நடத்தினேன். சூடு தானாகக் குளிர்ந்த பக்கம்தான் போகும், மொத்தத்தில் என்ட்ரோபி, அதாவது குலைவின் அளவு, கூடிக்கொண்டேதான் போகும் என்று பலகையில் எழுதி முடித்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "எல்லாமே குலைந்துகொண்டுதான் போகிறது என்றால், மனித குலம் முன்னேறுகிறது என்று வேற பாடத்தில் படிக்கிறோமே, அது எப்படி சார்?" மணி அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நான்கு நாளாகியும் சொல்லவில்லை. அதனால்தான் நாம் புனைபெயரில் பேசிக்கொள்ளும் இந்தத் தளத்தில் வைக்கிறேன்.

என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முன்னேற்றம் பிரபஞ்சத்திலேயே இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் எல்லாம் தொடங்கியபோது எடையில் முக்கால் பங்கு ஹைட்ரஜன், மீதி கிட்டத்தட்ட முழுக்க ஹீலியம். வேறு சரக்கே கிடையாது. நட்சத்திரங்கள் எரிந்துதான் கார்பன் வந்தது, ஆக்சிஜன் வந்தது, நம் ரத்தத்தில் ஓடும் இரும்பு வந்தது. அதிலிருந்து பூமி, பூமியில் உயிர், உயிரில் இந்தக் கேள்வியைக் கேட்கும் பெண். இதைப் படிப்படியான ஏற்றம் என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

என்ட்ரோபி இதற்குத் தடை இல்லை. சூரியனிலிருந்து வரும் ஒவ்வொரு ஒளித்துகளுக்கும் பதிலாக பூமி சுமார் 20 அகச்சிவப்புத் துகள்களை வெளியே அனுப்புகிறது. வருகிற ஆற்றலும் போகிற ஆற்றலும் ஏறக்குறைய சமம்தான். ஆனால் ஒழுங்காக வந்தது சிதறிப் போகிறது. அந்த வித்தியாசத்தில்தான் புல் முளைக்கிறது. வெளியே குலைவைத் தள்ளிவிட்டு உள்ளே ஒழுங்கைக் கட்டலாம்.

இன்னொரு கணக்கு. சூரியன் நொடிக்கு வெளியிடும் மொத்த ஆற்றலை அதன் எடையால் வகுத்தால் ஒரு கிலோவுக்கு 0.0002 வாட்தான் வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் கிலோவுக்கு ஒரு வாட்டுக்கு மேல் செலவழிக்கிறான். எடைக்கு எடை பார்த்தால் சூரியனைவிட 6,000 மடங்கு. அமெரிக்க வானியலாளர் எரிக் சைசன் இந்த அளவையே வைத்து விண்மீன், தாவரம், விலங்கு, மூளை, சமூகம் என்று ஒரு ஏறுவரிசை காட்டுகிறார். உங்கள் கருத்து என்ன?

பட்டைத்தொட்டி, வாணியம்பாடி

சார், நட்சத்திரத்தில் இரும்பு உருவானதைச் சொன்னீர்கள். குரோமியமும் அங்கேதான் உருவானது. அதை எங்கள் ஊர் ஆற்றில் பார்க்கலாம்.

நான் தோல் பதனிடும் வேலையில் முப்பது வருடம் இருந்தவன். என் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டை போட்ட தொட்டியில் தோல் வாரக்கணக்கில் ஊறும். கழிவு நாறும், ஆனால் மண்ணோடு போகும். அப்புறம் குரோம் என்கிற குரோமிய உப்பு வந்தது. ஒரு நாள், ஒன்றரை நாளில் தோல் நீலமாக வெளியே வந்துவிடும். ஏற்றுமதி, டாலர், மாடி வீடு. அதை முன்னேற்றம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். என் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை என் பிள்ளைகள் ஒரு நாளும் குடித்ததில்லை.

நீங்கள் சொன்ன வரி ஒன்று மனதில் நின்றுவிட்டது. வெளியே குலைவைத் தள்ளிவிட்டு உள்ளே ஒழுங்கைக் கட்டலாம் என்கிறீர்கள். சரிதான், தோல் தொழில் நடந்ததே அப்படித்தான். அந்த 'வெளியே' என்பது பாலாறு. கணக்கில் எந்தப் பக்கத்தை விட்டுவிட்டுக் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே முன்னேற்றமாகத் தெரிகிறது.

மரபணு, வேலூர்

வாத்தியார் சாரின் வாட் கணக்கு சரிதான். ஆனால் அதே கணக்குப்படி வெந்துகொண்டிருக்கும் எருக்குழியும் எடைக்கு எடை சூரியனை மிஞ்சிவிடும். எருக்குழியை நாம் சூரியனைவிட முன்னேறியது என்று சொல்வதில்லை. ஆற்றல் வேகமாகப் பாய்வது ஒரு அளவு, அவ்வளவுதான். அது மேன்மைக்கான அளவு ஆகாது.

உயிரினங்களின் கதையிலும் இதே தவறு நடக்கிறது. நுண்ணுயிரில் தொடங்கி மனிதனில் முடிகிற ஏணிப்படம் எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. அமெரிக்கப் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டீஃபன் ஜே கூல்ட் அதை வேறு விதமாகப் பார்த்தார். நம் ஊர் பாஷையில் சொல்கிறேன். வேலூர்க் கோட்டை மதிலை ஒட்டி ஆயிரம் பேரை நிறுத்தி, கண்ணைக் கட்டி, இஷ்டத்துக்கு நடங்கள் என்று விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் சிலர் வெகு தூரம் போயிருப்பார்கள். யாரும் ஊருக்குள் போக நினைத்து நடக்கவில்லை. மதில் பக்கம் போக வழியில்லை, அதனால் பரவல் மறுபக்கம் நீண்டது. உயிரின் எளிமைக்கும் அப்படி ஒரு மதில் உண்டு. அதற்குக் கீழே எளிமையாக இருந்தால் அது உயிராகவே இருக்காது. அங்கிருந்து தொடங்கியதால் சில வகைகள் சிக்கலாகின. பெரும்பான்மை இன்றும் மதிலோரத்தில்தான் நிற்கிறது. எண்ணிக்கையில் பூமி இன்றும் பாக்டீரியாவின் ஊர்தான்.

எதிர்க்கட்சியையும் சொல்ல வேண்டும். சைமன் கான்வே மோரிஸ் போன்ற ஆய்வாளர்கள் ஒருங்கு பரிணாமத்தைக் காட்டுகிறார்கள். நம் கண்ணும் ஆக்டோபஸின் கண்ணும் தனித்தனியாக உருவாகி ஏறக்குறைய ஒரே அமைப்புக்கு வந்து சேர்ந்தவை. அப்படியென்றால் நடப்பவர்கள் முழுக்கக் கண்ணைக் கட்டியவர்கள் இல்லை, தரையில் சில பள்ளங்கள், சில தடங்கள் இருக்கின்றன. இது எனக்குப் பாதி சம்மதம். ஆனால் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவில் கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டு, ஒன்பது ஒழிந்ததே, அது எந்தத் தடத்தில் வருகிறது?

காட்பாடி அக்கா

தம்பி மரபணு சொன்னதற்கு என் வேலையிலிருந்து ஒரு சாட்சி தருகிறேன். நான் தொழுநோய் வார்டில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள்.

தொழுநோய்க் கிருமியின் மரபணுத் தொகுதியை 2001-இல் முழுதாகப் படித்தார்கள். அதன் உறவான காசநோய்க் கிருமியில் சுமார் 4,000 மரபணுக்கள் வேலை செய்கின்றன. தொழுநோய்க் கிருமியில் சுமார் 1,600 மட்டும்தான். 1,100-க்கும் மேற்பட்டவை உடைந்துபோன சிதிலங்களாகக் கிடக்கின்றன. நம் உடம்புக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிடப் பழகியதால் ஒவ்வொன்றாக இழந்துவிட்டது. இழந்து இழந்துதான் ஆயிரக்கணக்கான வருடம் மனிதனை வாட்டியது. பரிணாமம் மேலே ஏறுகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தக் கிருமிதான் ஞாபகம் வரும்.

ஆற்றல் கணக்குக்கும் ஒரு வார்த்தை. பெட் ஸ்கேனில் புற்றுநோய்க் கட்டி எப்படித் தெரிகிறது? சுற்றியுள்ள திசுவைவிட அது சர்க்கரையை வேகமாக உறிஞ்சுகிறது, அதனால் படத்தில் பளிச்சென்று தெரிகிறது. அதிக ஆற்றல், அதிக வளர்ச்சி. அதை முன்னேற்றம் என்று சொல்லலாமா?

ஆனால் முன்னேற்றமே இல்லை என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன். 1940-களின் கடைசியில் பால் பிராண்ட் என்ற வெள்ளைக்கார டாக்டர் நம் வேலூரில்தான் தொழுநோயில் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்த ஆரம்பித்தார். அழுகி விழும் சதை என்று நினைத்தது அழுகல் இல்லை, வலி தெரியாததால் வருகிற காயம் என்று கவனித்துச் சொன்னவரும் அவர்தான். அப்போது டாப்சோன் ஒன்றுதான் மருந்து, வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும், கிருமி அதற்கும் பழகிவிட்டது. 1981-இல் கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வார்டில் இடம் இருக்காது. ஓய்வு பெற்றபோது காலிக் கட்டில்களைப் பார்த்தேன். காபி டம்ளரைத் தானே பிடித்துக் குடித்த கையைப் பார்த்தேன். அந்தக் கை உண்மை.

வள்ளிமலை ஐயா

தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு செய்திகள்.

முதலாவது, முன்னேற்றம் என்ற எண்ணமே மிகவும் புதியது. எங்கள் வள்ளிமலையில் 9-ஆம் நூற்றாண்டுக் கங்க மன்னன் இராசமல்லன் காலத்துச் சமணச் சிற்பங்கள் பாறையில் இருக்கின்றன. அதைச் செதுக்க வைத்த துறவிகளிடம் போய் உலகம் முன்னேறுகிறதா என்று கேட்டால் சக்கரத்தைக் காட்டியிருப்பார்கள். உற்சர்ப்பிணி என்னும் ஏறுகாலத்தில் ஆறு பகுதி, அவசர்ப்பிணி என்னும் இறங்குகாலத்தில் ஆறு பகுதி. இப்போது நடப்பது இறங்குகாலத்தின் ஐந்தாம் பகுதி, 21,000 ஆண்டு. யுகக் கணக்கிலும் கிருதத்தில் தொடங்கிக் கலிக்கு இறக்கம்தான். நல்லது பின்னால் இருந்தது, கெட்டது முன்னால் வருகிறது. கிரேக்கரிடமும் பொற்காலம் பழங்காலத்தில்தான் இருந்தது. எல்லையில்லாமல் மேலே போகலாம் என்று அழுத்திச் சொன்னவர் பிரான்சின் கோந்தோர்சே. அதை எழுதியபோது 1793-94-இல் புரட்சி அரசுக்குப் பயந்து பாரிசில் ஒளிந்திருந்தார், பிடிபட்டுச் சிறையில் இறந்தார். அந்த நிலையில் இருந்துகொண்டு மனிதன் மேம்படுவான் என்று எழுதிய உள்ளத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது நம்பிக்கை. வானத்தில் அளந்து கண்டது இல்லை.

இரண்டாவது, ஓரறிவு முதல் ஆறறிவு வரை தொல்காப்பியத்தில் இருக்கிறதே, அதுவும் பரிணாம ஏணிதானே என்று சில கூட்டங்களில் பேசுகிறார்கள். இல்லை. மரபியலில் உள்ளது வகைப்பாடு. புல்லும் மரமும் ஓரறிவின, மக்கள் ஆறறிவின என்று அடுக்கிக் காட்டுகிறது. புல் மனிதனானது என்று அது சொல்லவில்லை. அடுக்கு வேறு, காலம் வேறு. பிரபஞ்சத்தில் முன்னேற்றத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் அடுக்கைக் காலமாகப் படிக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஒடுகத்தூர் உழவன்

ஐயா, முன்னேற்றம் என்ற வார்த்தைக்குள்ளேயே ஏற்றம் இருக்கிறது. ஏற்றம் இறைத்தது எங்கள் வீடு, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கிணற்றில் அப்பா காலத்தில் ஏற்றம், அப்புறம் மாடு கட்டி இறைக்கும் கவலை. ஏற்றத்தில் ஒருத்தர் துலாமரத்தின் மேல் முன்னும் பின்னும் நடப்பார், ஒருத்தர் கீழே நின்று சால் என்கிற தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்து ஊற்றுவார். பாட்டில் எண்ணிக்கை ஓடும். சால் நிறைந்து மேலே வரும், கவிழ்த்தால் மறுபடி வெறுமனே கீழே போகும். ஏறுவதும் இறங்குவதும் நாள் முழுக்க நடக்கும். அதிலே முன்னேற்றம் எங்கே இருக்கிறது என்றால் வாய்க்காலில் இருக்கிறது. தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குப் போகாமல் கொல்லைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதில். வாய்க்கால் உடைந்திருந்தால் எத்தனை சால் இறைத்தும் வீண்.

எண்ணெய் இன்ஜின் வந்தது, கரண்ட் மோட்டார் வந்தது, போர்வெல் வந்தது. அப்பா காலத்துக் கிணறு நாற்பது அடி. இப்போது நான் போட்டிருக்கும் போர் 900 அடி. மோட்டார் நல்லதுதான், நடந்து நடந்து அப்பாவின் கால் வீங்கியதை நான் பார்த்திருக்கிறேன். திரும்ப ஏற்றம் மிதிக்கச் சொன்னால் போக மாட்டேன். ஆனால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. வாணியம்பாடி அண்ணன் ஆற்றைச் சொன்னார், நான் நிலத்தடியைச் சொல்கிறேன், இரண்டும் ஒரே கணக்குதான்.

ஆற்காட்டான்

உழவன் அண்ணன் சொன்னதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பழைய சான்று இருக்கிறது. 1973-74-இல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வட ஆற்காட்டுக் கிராமங்களில் பசுமைப் புரட்சியால் என்ன நடந்தது என்று வீடு வீடாக ஆராய்ந்தார்கள். எதிர்பார்த்த அளவு புதிய நெல் பரவவில்லை, நன்மை எல்லோருக்கும் போகுமா என்பதும் சந்தேகம் என்ற தொனிதான் அதில் மேலோங்கியது. 1982-84-இல் வேறொரு குழு, சர்வதேச உணவுக் கொள்கை ஆய்வு நிறுவனமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அங்கேயே திரும்ப வந்தது. சிறு விவசாயிகளின் வருமானமும் கூலிக்காரர்களின் வருமானமும் நன்றாகக் கூடியிருப்பதைக் கண்டார்கள். அதே மாவட்டம், பத்தே ஆண்டு இடைவெளி, தீர்ப்பு வேறு. இன்னும் முப்பது ஆண்டு கழித்து உழவன் அண்ணனின் 900 அடியையும் சேர்த்து யாராவது எழுதினால் மூன்றாவது தீர்ப்பு வரும். எந்த நாளில் நின்று அளக்கிறோம் என்று சொல்லாமல் முன்னேற்றம் என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை.

மரபணு, வேலூர்

உழவன் அண்ணன் சொன்ன வாய்க்காலைப் பிடித்துக்கொள்கிறேன். உயிரியலில் அதற்குச் சமமானது உண்டு. மேனார்ட் ஸ்மித், சாத்மாரி இருவரும் 1995-இல் பெரும் மாற்றங்கள் என்று சிலவற்றைத் தனியாகப் பிரித்தார்கள். தனித்தனி மூலக்கூறுகள் சேர்ந்து செல் ஆனது, ஒரு செல்லுக்குள் இன்னொரு செல் புகுந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியா ஆனது, செல்கள் கூடி உடம்பு ஆனது. மைட்டோகாண்டிரியா தன் மரபணுக்களில் பெரும்பாலானவற்றை இழந்தோ வீட்டுக்காரச் செல்லிடம் ஒப்படைத்தோ விட்டது, இனி தனியாகப் போய்ப் பிழைக்க முடியாது. மதிலோரத்தில் கண்ணைக் கட்டி நடந்தவர்கள் என்று சொன்னேன். அவர்கள் போகும் வழியில் சில கதவுகள் ஒரு பக்கம் மட்டும் திறக்கின்றன என்று திருத்திக்கொள்கிறேன். ஏறியது எளிதில் இறங்காது. ஆனால் ஏறியதால் அது நல்லது என்று ஆகாது.

பட்டைத்தொட்டி, வாணியம்பாடி

ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு என்றால் எனக்கு ஆக்சிஜன் ஞாபகம் வருகிறது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நீலப்பச்சைப் பாசிகள் ஆக்சிஜனைக் கழிவாக வெளியே விட்டன, காற்றே மாறியது. அந்தக் காலத்து உயிர்கள் பலவற்றுக்கு அது விஷம். நாம் அந்தக் கழிவை மூச்சாக இழுக்கிறோம். இதைச் சொல்லித்தான் ஒரு மேலதிகாரி என்னிடம் வாதாடினார், இன்றைய கழிவு நாளைய வளம் என்று. அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இன்று சொல்கிறேன். பாசிக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்து செய்வதற்கும் தெரியாமல் நடப்பதற்கும் ஒரே சொல்லைப் போடக்கூடாது.

இயற்பியல் வாத்தியார், குடியாத்தம்

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். என் முதல் பதிவில் நான் இரண்டு விஷயங்களைக் கலந்துவிட்டேன். பிரபஞ்சத்துக்கு ஒரு திசை இருக்கிறது, அது நிச்சயம். ஹைட்ரஜனிலிருந்து இரும்புக்குப் போனது திரும்பவில்லை, என்ட்ரோபி குறையவில்லை, நேற்று நாளையாகவில்லை. ஆனால் திசை என்பது நன்மை இல்லை. பாலாறு நந்திமலையிலிருந்து கடலுக்குப் போகிறது, அதற்கு ஒரு திசை உண்டு. அதனால் ஆறு முன்னேறுகிறது என்று சொல்ல மாட்டோம்.

அப்படியானால் முன்னேற்றம் வெறும் கற்பனையா? இங்கேதான் அக்காவின் காபி டம்ளர் என்னை நிறுத்தியது. ஆரோக்கியம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு பாறைக்கோ சூரியனுக்கோ அது கிடையாது. உயிர் இருக்கும் இடத்தில்தான் உண்டு. அதனால் ஆரோக்கியம் பொய் என்று யாரும் சொல்வதில்லை. முன்னேற்றமும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். தாகம் எடுக்கக்கூடிய, வலிக்கக்கூடிய ஒன்று பிரபஞ்சத்தில் தோன்றிய அன்றுதான் 'முன்பைவிடத் தேவலை' என்பது உண்மையாகவோ பொய்யாகவோ இருக்க முடிந்தது. அதற்கு முன் பல நூறு கோடி ஆண்டுகள் நட்சத்திரங்கள் எரிந்தபோது அப்படி ஒரு கேள்விக்கே இடமில்லை. அதனால் அது எங்கும் பரவிய குணம் இல்லை, சில இடங்களில் மட்டும் உண்டாகும் குணம். கற்பனையும் இல்லை.

இன்னொரு சந்தேகமும் இருந்தது. சூரியன் இன்னும் 500 கோடி ஆண்டுகளில் வீங்கி முடிந்துவிடும். அதற்கு வெகுகாலம் பிறகு எல்லா நட்சத்திரங்களும் அணைந்துவிடும். கடைசியில் எல்லாம் ஆறிப்போகும் என்றால் இடையில் நடந்ததை முன்னேற்றம் என்பதற்கு அர்த்தம் உண்டா?

காட்பாடி அக்கா

சார், என் நோயாளிகளில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. வயதாகிப் போய்ச் சேர்ந்தார்கள். விரல் நிமிர்ந்த பிறகு அவர்கள் வாழ்ந்த முப்பது, நாற்பது வருடம் அதனால் இல்லாமல் போய்விடுமா? எனக்கு இதில் சந்தேகமே வந்ததில்லை.

வள்ளிமலை ஐயா

அம்மா சொன்னதை ஏற்கிறேன். நம்பிக்கை என்று நான் எழுதியதை வார்டுக்குள் நின்று பார்த்தவர்களிடம் அப்படியே சொல்ல முடியாது. சக்கரம் சுழல்கிறது என்ற என் எண்ணத்தை மட்டும் விடவில்லை.

பட்டைத்தொட்டி, வாணியம்பாடி

வாத்தியார் சார் சொன்ன 'தேவலை' என்ற சொல்லுக்கு நான் ஒரு நிபந்தனை போடுகிறேன். யார் தலையில் செலவு விழுந்ததோ அவர்களிடமும் கேட்டுவிட்டுத்தான் அதைச் சொல்ல வேண்டும். 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் எங்கள் பகுதித் தோல் கழிவு வழக்கில் தீர்ப்பு சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், ஆபத்து முழுதாக நிரூபணம் ஆகும்வரை காத்திருக்கக்கூடாது என்ற இரண்டையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. வழக்குப் போட்டது வேலூர்க்காரர்கள்தான். ஆறு சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை, கரையில் நடந்து பார்த்தால் தெரியும். ஆனால் அதுவரை கணக்கிலேயே இல்லாத ஆறு அன்றைக்குக் கணக்கில் ஏறியது. உழவன் அண்ணன் பாஷையில், ஒரு சால் வாய்க்காலுக்கு வந்தது. அதை மட்டும் நான் முன்னேற்றம் என்று ஒத்துக்கொள்கிறேன்.

கடைசி பெஞ்ச்

சார், கேள்வி கேட்டது நான்தான். அண்ணன் போனில் படிக்கிறேன். எல்லோருக்கும் வணக்கம்.

நீங்கள் போன வருடம் எங்களை ஆலங்காயம் வழியாகக் காவலூர் வானாய்வகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். அங்கே 1977-இல் நடந்ததைச் சொன்னார்கள். யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போவதைப் பார்க்கக் காத்திருந்தபோது, யுரேனஸ் வந்து சேர்வதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி ஒரு முறை மங்கியது. புதிய துணைக்கோள் என்று நினைத்து எழுதினார்கள். அப்புறம் மற்ற இடங்களில் எடுத்த பதிவுகளோடு வைத்துப் பார்த்தபோது அது வளையம் என்று தெரிந்தது.

எனக்குத் தோன்றுவது இதுதான். வளையம் அதற்கு முன்னாலும் இருந்தது, அதில் முன்னேற்றம் ஒன்றும் இல்லை. துணைக்கோள் என்று நினைத்து வளையம் என்று திருத்திக்கொண்டோமே, அது திரும்பாது இல்லையா? இனி யாரும் யுரேனஸுக்கு வளையம் இல்லை என்று நினைக்க முடியாது. இது உழவன் மாமா சொன்ன வாய்க்கால் மாதிரியா, மரபணு அண்ணன் சொன்ன கதவு மாதிரியா?

ஒடுகத்தூர் உழவன்

கண்ணு, ஏற்றப் பாட்டில் எத்தனையாவது சாலில் எந்த வரி வரும் என்று எங்கள் அப்பாவுக்குத் தெரியும். நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் இப்போது அது யாருக்கும் தெரியாது. தெரிந்தது திரும்பாது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் மட்டும் யோசித்துப் பார்.

இயற்பியல் வாத்தியார், குடியாத்தம்

அண்ணே, இதை நாளைக்கு வகுப்பில் அப்படியே படித்துக் காட்டப் போகிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் ஏற்றம் மிதித்தவர்கள் யாராவது இன்னும் இருந்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் ஒரு ரெக்கார்டரையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.